அக்கா உப்பு போடாத நாட்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அக்கா அதில் சிரிக்கவில்லை. சிரிக்கிற படம் ஒன்று கிடைக்கவில்லையா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நிறைய இருக்கின்றன. அவற்றிலெல்லாம் யாரோ சிரிக்கச் சொன்னதற்காகச் சிரிக்கிறார். இந்தப் படத்தில் எதிரே இருக்கும் யாரையோ கவனித்துக்கொண்டிருக்கிறார். யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவர் பேசி முடிக்கிறவரை அக்கா கண்ணை எடுத்திருக்க மாட்டார். எனக்குத் தெரிந்த அக்கா அவர்தான். அவர் எங்களைப் பிரிந்து ஓராண்டு முடிகிற இந்த நாளில், வந்திருக்கும் உறவினருக்கும் சபையாருக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்ல வேண்டும். அறிந்தது குறைவு, கேட்டது அதிகம். இரண்டையும் கலந்துதான் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது பாரிவாக்கத்தில். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர். பிறகு அந்த நிலம் மனையாயிற்று. மனையில் கிடங்கு எழும்பிற்று. அதே இடத்தில் அப்பா சீருடை போட்டுக்கொண்டு கிடங்குக்குக் காவல் இருந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் சமையல் அக்காவிடம் வந்து சேர்ந்தது. என்னைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, என் சண்டைகளுக்கு அடுத்த வீட்டில் போய் மன்னிப்புக் கேட்டது எல்லாம் அக்காதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில் பிசிறு பார்க்கும் வேலைக்குப் போனார். சட்டையைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. பேசுகிறவர்களுடைய பேச்சையும் ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்ப்பார். வரன்கள் வந்தன. என்னைக் காட்டி, இவன் படித்து முடிக்கட்டும் என்றார். நான் முடித்தபோது வரன்கள் நின்றிருந்தன.

கம்பெனியில் உடன் வேலை செய்த ஒரு பெண், குமணன்சாவடியில் இரும்புக் கடைக்கு மாடியிலிருந்த ஜெப வீட்டுக்கு அக்காவை அழைத்துப் போனார். போனவர் திரும்பவும் போனார். பிறகு எல்லா ஞாயிறும் போனார். ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது நான் பெரிய சத்தத்தை எதிர்பார்த்தேன். அப்பா பீடியை அணைத்துவிட்டு, "கோயிலுக்குப் போனா இன்னா, ஜெபத்துக்குப் போனா இன்னா, இருட்றதுக்குள்ள ஊடு வந்து சேரு" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு மதமாற்றம் அத்தனை சுருக்கமாக நடந்து முடிந்தது.

சத்தம் அப்பா இறந்தபிறகு வந்தது. கருமாதி அன்று பந்தலில் இலை போட்டுப் படையல் வைத்தோம். நான் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். படைத்த சோற்றைச் சாப்பிடக் கூடாது என்று ஜெப வீட்டில் சொல்லியிருந்தார்கள். அக்கா வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தலுக்கு உள்ளே வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. சித்தப்பா இலையை விட்டு எழுந்து வந்து, "பெத்தவனுக்குப் படைச்ச சோறு உனுக்கு விசமா பூட்ச்சா?" என்று கேட்டார். கண் நிறைந்து நின்ற அக்கா அப்படியே நடந்து போய்விட்டார். அதற்குப்பின் எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் பேச்சு நின்றது. அவர் வேலையை விட்டார், மிஷனரிப் பயிற்சிக்குப் போனார், நேபாளத்தில் நிலம் அதிர்ந்த வருடம் நிவாரணக் குழுவோடு அங்கே அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இனி நான் சொல்லப்போவது அந்த நேபாள மலையைப் பற்றி. இதில் பாதியைக் கடைசிக் காலத்தில் டயாலிசிஸ் படுக்கையில் அக்கா சொன்னார். மீதியை மலையில் உடனிருந்த இருவர் சொன்னார்கள்.

அக்காவுக்கு அதுவே முதல் வெளிநாடு, முதல் மலை, முதல் குளிர். ஊர் என்று ஒன்று அங்கே இருந்ததற்கு அடையாளமாகக் கல் குவியல்கள் இருந்தன. வீடுகள் நின்றபடி சாகவில்லை, உட்கார்ந்து செத்திருந்தன என்று அக்கா சொல்வார். நிலம் இன்னும் அடங்கவில்லை. நடுநடுவே குலுங்கும். குலுங்கினால் கோழிகள் முதலில் கத்தும், பிறகு குழந்தைகள், பிறகு யாரும் கத்தாத ஒரு நேரம் வரும். அந்த நேரம்தான் பயம் என்றார். அண்டாக்களும் அரிசி மூட்டைகளும் தார்ப்பாய்களும் லாரியில் வந்திறங்கின. தார்ப்பாய் ஒவ்வொன்றிலும் குழுவின் பெயரும் பெரிய சிலுவையும் அச்சடித்திருந்தது. குழுவுக்குத் தலைவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர். பொறுமைசாலி, கண்டிப்பானவர். குரல் உயர்த்தாமலே ஆட்களை ஓட வைப்பவர். அக்காவுக்குச் சமையல் பொறுப்பு கொடுத்தார்.

அக்கா கிச்சடி கிளறினார். அரிசி, பருப்பு, மஞ்சள், உப்பு, கொஞ்சம் இஞ்சி. குளிருக்குச் சூடாகப் போகட்டும் என்று மிளகும் தட்டிப் போட்டார். பிள்ளைகள் ஓடி வந்து தட்டு நீட்டின. பெரியவர்கள் வரவில்லை. கல் குவியலுக்குப் பக்கத்தில் தலை மழித்த ஆண்கள் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு நெருங்கினால் கையை உயர்த்தி, தள்ளிப் போகும்படி சைகை செய்தார்கள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுநாளும் அப்படியே. அண்டாவில் பாதி கிச்சடி கெட்டியாகிப் போயிற்று.

குழுவில் இருந்தவர்களுக்குக் காரணம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. நம் தார்ப்பாயைப் பார்க்கிறார்கள், சிலுவையைப் பார்க்கிறார்கள், சோறு போட்டு மதம் மாற்ற வந்தவர்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைத்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள் என்பதும் உண்மை. தலைவர் யோசித்து ஒரு முடிவு சொன்னார். கீழே இன்னொரு ஊரில் ஜனம் சாப்பாட்டுக்கு அலைகிறது. வேண்டாம் என்கிறவர்களிடம் ஏன் நிற்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் லாரி வரும், அண்டாவோடு கீழே போய்விடலாம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் இந்தப் பாதை மூடிக்கொள்ளும். அதன்பிறகு மேலே யாரும் வர முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அன்று மதியம் அக்கா அண்டாவைத் தேய்த்துக்கொண்டே தனக்குத்தானே புலம்பியிருக்கிறார். வாய் பேசாத ஆளில்லை எங்கள் அக்கா. ஒரு வாய் துன்னா என்ன கொறஞ்சா பூடுவீங்க, பட்டினி கெடந்து சாவறதுக்கா இடிபாட்டுல இருந்து பொழைச்சு வந்தீங்க என்று நம்ம ஊர்த் தமிழில், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில். வெள்ளைத் துணியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் தலையைத் திருப்பினார்.

"இன்னாக்கா நீ, கருமாதி ஊட்ல உப்பு போட்டுக் குடுக்கறே?"

அக்காவுக்குக் கையிலிருந்த தேய்ப்பு நார் விழுந்துவிட்டது. மலைக்கு மேலே, மேகத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியும் மொட்டைத் தலையுமாக ஒரு மனிதர் மெட்ராஸ் பாஷை பேசுகிறார். எந்த ஊர் நீ என்று கேட்டதற்கு, இந்த ஊர்தான் என்று கல் குவியலைக் காட்டியிருக்கிறார். பெயர் தில் குமார். குமணன்சாவடியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாவு பிசைந்துகொண்டிருந்தவர். அங்கே அவரை எல்லோரும் பகதூர் என்று கூப்பிட, நிஜப் பெயரைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகியவர். செய்தி கேட்டு ரயிலும் பஸ்ஸும் நடையுமாக வந்து சேர்ந்தபோது அம்மாவை எரித்து முடித்திருந்தார்கள். மூத்த மகன் என்பதால் துக்கம் காக்க உட்கார்ந்தவர், அங்கிருந்து எழ முடியாது.

எந்த ஜெப வீடு என்று அவர் கேட்டாராம். இரும்புக் கடை மாடி என்று அக்கா சொன்னாராம். ஞாயித்துக்கெழம கைதட்டிப் பாடி எங்களத் தூங்க உடாத ஊடு தானே என்று அவர் கேட்க, அத்தனை நாள் கழித்து அக்கா வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். பிறகு இருவரும் அழுதிருக்கிறார்கள். தள்ளித் தள்ளி நின்றுகொண்டு, ஏனென்றால் துக்கம் காப்பவரைத் தொடக் கூடாது.

அவர் சொன்னது இதுதான். தாய் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவர்களும், கணவனை இழந்த பெண்களும் துக்க நாட்கள் முடிகிறவரை உப்பு தொட மாட்டார்கள். அடுத்தவர் சமைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். ஒதுங்கிய ஓர் இடத்தில், ஒரு சின்னப் பானையில், தானே பொங்கி, நெய் விட்டு ஒரு வேளை சாப்பிட வேண்டும். இந்த ஊரில் சாவு விழாத வீடு இல்லை. அதனால் ஊரே துக்கம் காக்கிறது. காக்க அரிசி இல்லை, பானை இல்லை, ஒதுங்குவதற்கு ஒரு கூரையும் இல்லை. மற்ற பெரியவர்கள், இவர்கள் கண்ணெதிரே தட்டேந்த மனமில்லாமல் நிற்கிறார்கள். உன் சிலுவையை இங்கே பாதிப் பேர் பார்க்கக்கூட இல்லை அக்கா என்றாராம் தில் குமார்.

அக்கா நேரே தலைவரிடம் போனார். அரிசியை அரிசியாகவே கொடுத்துவிடலாம், சின்னப் பானைகள் வாங்கலாம், மூலைக்கு மூலை தார்ப்பாய் கட்டி ஒதுக்கிடம் அமைத்துத் தரலாம் என்றார். தலைவர் முழுக்கக் கேட்டார். அரிசி கொடுப்பதில் அவருக்குத் தடை இல்லை. தார்ப்பாய்தான் தொண்டையில் நின்றது. "தங்கச்சி, நாம சாட்சியா நிக்க வந்திருக்கோம். அவுக சடங்குக்குப் பந்தல் போட வரல. சபைல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றார். அவரைக் குறை சொல்லி இதை நான் எழுதவில்லை. தான் நம்பியதற்கு உண்மையாக இருக்க நினைத்த மனிதர் அவர். கருமாதிப் பந்தலுக்கு வெளியே அக்கா நின்றதும் அதே காரணத்தால்தானே.

அக்கா அப்போது சொன்ன பதிலை அந்தத் தலைவரே, அக்காவின் அடக்கத்துக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னார். ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது என்றார்.

"அண்ணே, எங்க அப்பாவுக்கு எந்தம்பி மொட்டை போட்டுக்கினு உக்காந்திருந்தான். நான் வெளிய நின்னேன். சாமிக்காகத்தான் நின்னேன். ஆனா அவன் மொகத்தைப் பாத்துட்டு நின்னேன். இவங்க நம்பறத நான் நம்பல அண்ணே. அழறதுக்கு இவங்களுக்கு ஒரு எடம் வேணும், நம்மகிட்ட தார்ப்பா இருக்கு. இந்தவாட்டியும் என்னை வெளிய நிக்கச் சொல்லாதீங்க."

தலைவர் எழுந்து போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொள்கிற வித்தை எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பிறவியிலேயே உண்டு. அக்கா மறுநாள் காலையில் மூங்கில் நட்டார். முதல் தார்ப்பாயை விரித்ததும் சிக்கல். வெளிப்பக்கம் சிலுவை தெரிந்தால் ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். திருப்பிப் போட்டு மறைத்தால் குழுவில் இருந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அக்கா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தூறல் போடத் தொடங்கிவிட்டது. தில் குமார் தன் மூலையிலிருந்து குரல் கொடுத்தார்.

"மய இன்னா எயுத்தப் படிச்சிட்டா பெய்யுது? கட்டுக்கா."

அதையே தன் மொழியில் ஊர்க்காரர்களுக்கும் சொன்னார். ஒரு கிழவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் வந்து கயிற்றைப் பிடித்தார். அச்சு எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம் வந்தது. சில இடத்தில் சிலுவை வெளியே, சில இடத்தில் உள்ளே. ஒவ்வொரு மூலையிலும் கல் அடுப்பு, ஒரு பானை, ஓர் அளவு அரிசி. அக்கா தள்ளி நின்று கொடுத்தார். பானையைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் வருவார், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். கணவனை இழந்த ஓர் இளம்பெண் பானையை எடுக்கவே இல்லை. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் நகராமல் நின்றார். பிறகு அவள் குனிந்து விறகைப் பற்றவைத்தாள். ஊரில் பல மூலைகளிலிருந்து புகை எழுந்தது. அதுவரை அந்த ஊரில் எழுந்த புகையெல்லாம் பிணம் எரித்த புகை.

சாயங்காலம் லாரி வந்தது. டிரைவர் அண்டாக்களை ஏற்றலாமா என்று கேட்டார். தலைவர் நனைந்தபடி தார்ப்பாய்களுக்கு நடுவே நின்றிருந்தார். அந்த இளம்பெண் உப்பில்லாத சோற்றை உருட்டி வாயில் வைத்துக்கொண்டு அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நடந்து முடிந்த ஒரு மரணத்துக்கு அப்போதுதான் ஒருத்தி அழத் தொடங்கியிருக்கிறாள் என்பது தனக்குப் புரிந்தது என்றார் என்னிடம். டிரைவர் மறுபடியும் கேட்டதற்குத் தலைவர் சொன்னாராம்:

"ஏத்த வேண்டாம், இங்கயே கெடக்கட்டும். கீழ ஊருக்கு வேற அண்டா ஏற்பாடு பண்றேன். அடுத்த நடைக்கு வரும்போது நெய் கொண்டாரணும். நெறைய."

அக்கா அங்கேயே இருந்தார். துக்க நாட்கள் முடிந்தபோது அந்த ஊர்க்காரர்கள் குழுவின் அண்டாவைக் கேட்டு வாங்கி, தாங்களே சமைத்து, உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, குழுவையும் உட்காரச் சொன்னார்கள். அக்கா உட்கார்ந்தார். கண்மூடித் தன் ஜெபத்தைச் சொல்லிவிட்டு, அவர்களோடு சாப்பிட்டார். தலைவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

அந்த நாட்களில் ஒரு மாலை, ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் காற்று இரைச்சல். அதற்குள்ளிருந்து அக்காவின் குரல். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"தம்பி, அப்பா கருமாதிக்கு என்னடா சமைச்சீங்க?"

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. டெப்போ இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்ச் சாம்பார், வடை, பாயசம், அப்பாவுக்குப் பிடிக்குமென்று சுட்ட கருவாடு தனி இலையில். ஒவ்வொன்றுக்கும் ம் என்றார். கருவாட்டுக்கு மட்டும் கொஞ்சம் தாமதித்து ம் என்றார். கடைசியில், "நீ நல்லா சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. எங்கள் வீட்டில் பேச்சு மறுபடி தொடங்கியது இப்படித்தான்.

அதன்பிறகு அக்கா பல கரைகளுக்குப் போனார், பல வெள்ளங்களுக்கு. எங்கே போனாலும் அடுப்பு மூட்டுவதற்கு முன் ஊருக்குள் நடப்பாராம். யார் வீட்டில் சாவு, அவர்கள் எப்படித் துக்கம் காப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் உலை வைப்பாராம். புதிதாக வரும் ஊழியர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்த முதல் வேலை அது. தன் கர்த்தரை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. படையலில் கடைசிவரை கை வைக்கவுமில்லை. ஆனால் அடுத்த வருடம் அப்பாவின் திதிக்கு வந்தார். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து வெங்காயம் உரித்தார், பாத்திரம் கழுவினார், பந்தி பரிமாறினார், எல்லோரும் போனபின் தனக்கென்று தனியே வடித்த சோற்றை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சித்தப்பா போகும்போது, கொஞ்சம் மோர் ஊத்தும்மா என்றார். அக்கா ஊற்றினார்.

சிறுநீரகம் கெட்ட பிறகு அக்கா பாரிவாக்கத்துக்கே திரும்பினார். நாற்று சுமந்த நிலம் முழுக்க இப்போது அடுக்குமாடிகள். அங்கே தெற்கிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் அக்காவுக்கு அறிமுகமாகி, டயாலிசிஸுக்கு முறை வைத்துக் காரில் கூட்டிப் போனார்கள். தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும், உப்பு கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அதெல்லாம் எனக்குப் பழக்கம் இருக்கு சார் என்று அக்கா சொன்னார். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கடைசி வாரம் பேச்சு குறைந்தது. காலை வெயில் ஜன்னலுக்கு வந்த ஒரு நேரம், என் மனைவி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே அக்கா அமைதியானார். ஜெப வீட்டார் பாடினார்கள். உறவினர் ஒப்பாரி வைத்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன, ஒன்றை ஒன்று நிறுத்தச் சொல்லவில்லை.

நன்றி சொல்ல வேண்டும். மருத்துவமனையில் அக்காவின் கையில் நரம்பு தேடித் தேடித் தன் கண் கலங்கிய செவிலியர் தங்கைக்கு. முறை வைத்து வந்த அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு. கல்லறைக்கு இடம் வாங்கித் தந்த ஜெப வீட்டுப் போதகருக்கு. திருநெல்வேலி அண்ணனுக்கு. குமணன்சாவடிக்கே திரும்பி வந்து இப்போது சொந்தமாகக் கடை போட்டிருக்கும் தில் குமாருக்கு. அடக்கத்தன்று அவர் எங்களோடு சேர்ந்து பெட்டியைக் குழி வரைக்கும் தூக்கினார். அந்த மலையில் பானையை எடுத்துக்கொண்ட எல்லோருக்கும். நீங்கள் எடுத்துக்கொண்டதால் எங்கள் அக்கா எங்களுக்குக் கிடைத்தார்.

இன்று ஆராதனை முடிந்ததும் பந்தி உண்டு. எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். வந்திருக்கும் உறவினரில் விரதம் இருப்பவர்கள் இருக்கலாம். மாலை போட்டவர்கள், வீட்டில் தீட்டு உள்ளவர்கள், ஜெபம் செய்து பரிமாறிய சோற்றில் கை வைக்க மனம் ஒப்பாதவர்கள் இருக்கலாம். யாரும் சங்கடப்பட வேண்டாம். சமையலுக்குப் பக்கத்தில் பச்சரிசியும் பருப்பும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறோம். ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உங்கள் வீட்டில், உங்கள் வழக்கப்படி பொங்கிச் சாப்பிடுங்கள். எடுப்பவரிடம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.